சூப்பர்ஹீரோ அணியில் ஒரு சாதாரண ஆள்: கதை எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

ஒருத்தி மலையைப் பெயர்க்கிறாள். ஒருவன் நேரத்தை நிறுத்துகிறான். இன்னொருவர் அடுத்தவர் மனதைப் படிக்கிறார். நான்காவதாக ஒருவர் நிற்கிறார். அவரிடம் இருப்பது ஓட்டுநர் உரிமம். சூப்பர்ஹீரோ கதை எழுத உட்காரும் பலருக்கும் இந்த நான்காவது ஆள் மேல்தான் ஆசை அதிகம். கதை பாதியைத் தாண்டும்போது அவரை என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பதும் அவர்கள்தான்.

வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, அவர் ஜோக் அடித்துக்கொண்டு, அவ்வப்போது வில்லனிடம் மாட்டிக்கொண்டு, மற்றவர்கள் வந்து காப்பாற்றக் காத்திருப்பார். அல்லது எழுதுபவருக்கே அவர் மேல் பரிதாபம் வந்து, பத்து மொழி, எட்டுத் தற்காப்புக் கலை, ராக்கெட் பொறியியல் என்று எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றிவிடுவார். அப்புறம் அவரைச் சாதாரண ஆள் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

என் கட்சி இதுதான்: அவருக்குத் திறமையைத் தேடுவதற்கு முன்னால் ஒரு முடிவைத் தேடுங்கள். சக்தி உள்ள யாருக்கும் எடுக்கத் தோன்றாத, எடுக்க முடியாத ஒரு முடிவு. திறமை அதற்குப் பின்னால் தானாக வந்து சேரும்.

படி 1: எந்த அளவுக்குச் சாதாரணம் என்று தீர்மானியுங்கள்

‘சக்தி இல்லாதவர்’ என்ற ஒரே பெயரில் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கலந்துவிட்டால் கதை குழம்பும்.

முதல் வகை, மனித எல்லையின் உச்சியில் இருப்பவர். 1939-இல் வந்த பேட்மேன், 1941-இல் வந்த கிரீன் ஆரோ, 1964-இல் வந்த ஹாக்ஐ, பிளாக் விடோ எல்லாரும் இந்த வகை. இவர்களைச் சாதாரணர் என்பது ஒரு மரியாதைக்குத்தான். பேட்மேனின் பணமே ஒரு சக்தி. இவர்களை எழுதுவது சுலபம், ஆனால் வாசகர் தன்னை அங்கே வைத்துப் பார்ப்பது கஷ்டம்.

இரண்டாவது வகை, ஒரு தொழிலை நன்றாகத் தெரிந்தவர்: மெக்கானிக், மருத்துவர், வரைபடம் படிப்பவர், தகவல் திரட்டுபவர். முன்பு பேட்கேர்லாக இருந்த பார்பரா கார்டன் இங்கே வருவார். 1988-இல் வந்த ஒரு காமிக்ஸில் ஜோக்கர் சுட்டு அவர் சக்கர நாற்காலிக்குப் போனார். மறு ஆண்டே கிம் யேலும் ஜான் ஆஸ்ட்ரண்டரும் அவரை ‘ஆரக்கிள்’ என்ற பெயரில், ஹீரோக்கள் எல்லாரும் தகவலுக்காகத் தேடி வரும் ஆளாக மாற்றினார்கள்.

மூன்றாவது வகைக்கு எதுவுமே கிடையாது. ரத்தக் காட்டேரிகளோடு மோதும் பெண்ணின் கதையான ‘பஃபி’ டிவி தொடரின் ஸாண்டர், சூப்பர்மேன், பேட்மேன் எல்லாம் இருக்கும் ஜஸ்டிஸ் லீக் அணியோடு சுற்றிய ஸ்னாப்பர் கார் என்ற பையன் மாதிரி ஆட்கள். எழுதக் கடினமானது இதுதான். சரியாக அமைந்தால் வாசகர் மறக்காததும் இதுதான்.

முதல் முறை எழுதுபவர் இரண்டாவது வகையை எடுப்பது நல்லது. தொழில் இருந்தால் முடிவுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

படி 2: அணிக்குள் எப்படி வந்தார்?

‘எங்களுக்கு அவரைப் பிடிக்கும்’ என்ற பதில் போதாது. அவர் வந்த வழி கதைக்குள் ஒரு நிகழ்ச்சியாக இருக்க வேண்டும்.

1963-இல் அவெஞ்சர்ஸ் முதல் இதழில் அந்த அணியைச் சேர்த்தது ரிக் ஜோன்ஸ் என்ற பையனும் அவனுடைய ரேடியோ நண்பர்களும்தான். ஹல்க்குக்காக அவர்கள் அனுப்பிய உதவிக் கோரிக்கை வேறு ஆட்களுக்குப் போக வேண்டியது. லோகி நடுவில் புகுந்து அதைத் திருப்பிவிட, தோர், அயர்ன்மேன், ஆன்ட்மேன், வாஸ்ப் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பையன் இல்லாவிட்டால் அணியே இல்லை.

ஸ்னாப்பர் காரின் வருகை இன்னும் வேடிக்கை. 1960-இல் ஜஸ்டிஸ் லீகின் முதல் கதையில் ஸ்டாரோ என்ற ராட்சத நட்சத்திர மீன் ஊரையே தன் வசப்படுத்துகிறது. இவன் மட்டும் தப்பிக்கிறான். காரணம், அன்று வீட்டுப் புல்தரைக்குச் சுண்ணாம்பு போட்டிருந்தான், அது உடம்பில் ஒட்டியிருந்தது. அந்தச் சுண்ணாம்பை வைத்துத்தான் ஸ்டாரோவையே மடக்குகிறார்கள். கௌரவ உறுப்பினர் பதவி அப்படிக் கிடைத்தது. அபத்தம்தான், ஆனாலும் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

நம் கைக்கு அருகிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. கம்பனின் குகன் வேடன். தெய்வ அஸ்திரம் கிடையாது, வரம் கிடையாது. ஆனால் அறிமுகமாகும்போதே ‘ஆயிரம் அம்பிக்கு நாயகன்’, அதாவது ஆயிரம் படகுக்குத் தலைவன். கங்கையைக் கடக்க வேண்டுமென்றால் அவன் ஓடம் வேண்டும். பரதன் படையோடு வந்ததைப் பார்த்துத் தப்பாக நினைத்தவன், தன்னிடம் இருந்த படகையும் வில்லையும் நம்பிச் சண்டைக்கே தயாராகிறான். பின்னால் வீடணனிடம் தன் தம்பிகளை எண்ணும்போது ராமன் தொடங்குவது ‘குகனொடும் ஐவர் ஆனேம்’ என்று. கணக்கில் முதலில் சேருபவன் சக்தி எதுவும் இல்லாத படகுக்காரன். ஒரு இடம், ஒரு தொழில், அந்த இடத்தில் அவனை மிஞ்ச யாருமில்லை: அணிக்குள் நுழைய இவ்வளவு போதும்.

படி 3: சக்தி எதை மறைக்கிறது என்று பட்டியல் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.

அணியில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். அவர்களால் என்ன முடியும் என்பதை எழுத வேண்டாம், அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்தச் சக்தியோடு பல வருடம் வாழ்ந்ததால் எதைக் கவனிக்க மறந்தார்கள் என்று எழுதுங்கள். பலவீனம் வேறு, இது வேறு. சூப்பர்மேனுக்குக் கிரிப்டனைட் ஒரு பலவீனம். நான் கேட்பது பழக்கத்தால் வந்த குருடு.

ஒரு அணியை வைத்துச் செய்து பார்ப்போம்.

பறப்பவள், எவ்வளவு கனத்தையும் தூக்குவாள். எல்லா இடத்துக்கும் முதலில் போய்ச் சேருவதால், வேலையைத் தொடங்கும் முன் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

மனம் படிப்பவர். ஆட்கள் எதை நம்புகிறார்களோ அது அவருக்குக் கேட்கும். அது உண்மையா என்பது கேட்காது. ஆனால் இரண்டும் ஒன்றென்றே இத்தனை நாள் நினைத்துவிட்டார்.

நேரத்தைச் சில நொடிகள் நிறுத்துபவன். காத்திருப்பது என்றால் என்ன என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

இப்போது சாதாரண ஆளின் தொழிலைத் தேடுங்கள். இந்த மூன்று குருட்டையும் ஒரே நேரத்தில் தொடக்கூடிய தொழில் எது? கேள்வி கேட்பது, சொன்னதை நம்பாமல் சரிபார்ப்பது, காத்திருப்பது. எனக்கு முதலில் தோன்றியது ஆம்புலன்ஸ் நர்ஸ். அவளுக்குப் பரணி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

படி 4: சக்தியே பிரச்சினையாகும் ஒரு காட்சியை எழுதுங்கள்

கட்டடம் ஒன்று இடிந்து விழுந்திருக்கிறது. ஒரு ஆளின் இரண்டு தொடைகள் மேலும் கான்கிரீட் பலகை. பறப்பவளுக்கு அது ஒரு தட்டைத் தூக்கும் வேலை. தூக்கினால் அந்த ஆள் இறந்துபோகலாம்.

இது கற்பனை இல்லை. உடலின் பெரிய தசை பல மணி நேரம் நசுங்கிக் கிடந்தால் அது செத்துப்போய், பொட்டாசியமும் மற்றக் கழிவுகளும் அங்கேயே தேங்கும். பாரத்தைச் சட்டென்று எடுத்ததும் அவ்வளவும் ஒரே வீச்சில் ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடலாம். தப்பினாலும் சிறுநீரகம் போகலாம். இரண்டாம் உலகப்போரில் லண்டன் மேல் விழுந்த குண்டுகளில் இடிபாட்டில் சிக்கியவர்களைப் பார்த்து, பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் 1941-இல் இதைப் பதிவு செய்தார்கள். அதனால்தான் பாரத்தை எடுக்கும் முன்பே நரம்பில் சலைன் ஏற்றத் தொடங்குகிறார்கள்.

இப்போது காட்சி:

“அக்கா, ரெண்டே செகண்ட். தூக்கிடறேன்.”

“கையை எடு.”

“வலியில துடிக்கிறார்க்கா.”

“தெரியுது. எவ்வளவு நேரமா மாட்டியிருக்கார்னு கேட்டியா?”

கேட்கவில்லை. மனம் படிப்பவர் பின்னாலிருந்து சொன்னார்: “தூக்குங்க, தூக்குங்கன்னுதான் அவர் மனசு முழுக்க ஓடுது, பரணி.”

“ஓடும் சார். அவருக்குத் தெரியாதே.” குழாயை ஒட்டிக்கொண்டே திரும்பினாள். “காலையில ஏழு மணிக்கு இடிஞ்சிருக்கு. இப்ப பதினொண்ணு. மருந்து ஏறணும். நீ அடுத்த பக்கம் போ, அங்க ஆள் சத்தம் கேக்குது. நான் கூப்பிட்ட அப்புறம் வந்தா போதும்.”

“மேல இருக்கற பீம் எப்ப வேணா இறங்கும்க்கா.”

“அதான் சீக்கிரம் போயிட்டு வான்னு சொல்றேன்.”

இதில் பரணிக்கு இருப்பது பல நர்ஸுகளுக்குத் தெரிந்த விஷயம். அவளைத் தனியாக நிறுத்துவது இரண்டு முடிவுகள். பலசாலியைப் பலத்தைக் காட்டாதே என்று தடுத்தாள். பிறகு, பறப்பவள் மேல் விழுந்தால் சிராய்ப்புகூட வராத பீமுக்குக் கீழே, தான் தங்கிக்கொண்டு அவளை அனுப்பிவிட்டாள். அந்த இரண்டாவது முடிவைப் பறப்பவளால் எடுக்கவே முடியாது. அங்கே தங்குவதில் அவள் இழக்க எதுவும் இல்லை என்பதால், அவளுக்கு அது ஒரு முடிவாகவே அமையாது.

உங்கள் கதையில் மருத்துவம் இருக்க வேண்டியதில்லை. தேவை ஒரே வடிவம்: சக்தி எவ்வளவு சரியாக வேலை செய்கிறதோ, நிலைமை அவ்வளவு மோசமாக வேண்டும்.

சண்டைக் கதையிலும் இது நடக்கும். 1997-இல் தொடங்கிய ஜஸ்டிஸ் லீக் வரிசையின் முதல் கதையில் ஹைப்பர்கிளான் என்ற புதிய அணி உலகைக் காக்க வந்ததாகச் சொல்லிக்கொள்கிறது. ஒவ்வொருவராக ஹீரோக்களை மடக்கும் அவர்கள், பேட்மேனின் விமானத்தை வீழ்த்தியபின் அவரை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் கணக்கில் அவர் வெறும் மனிதர். அவரோ ஒன்றைக் கவனிக்கிறார்: எரியும் விமானத்துக்குள் வந்து தன் உடலைத் தேட யாரும் வரவில்லை. அந்தக் கதை உலகில் செவ்வாய் கிரகத்தாருக்கு நெருப்புதான் பலவீனம். நெருப்புக்குப் பயப்படுகிறார்கள் என்றால் இவர்கள் செவ்வாய் கிரகத்து ஆட்கள். அப்புறம் அவருக்குத் தேவைப்பட்டது பெட்ரோலும் ஒரு தீக்குச்சியும். எதிரி அலட்சியப்படுத்திய அந்த இடைவெளியில்தான் அவர் வேலை செய்கிறார்.

படி 5: உடம்புக்கு ஒரு கணக்கு வையுங்கள்

மற்றவர்களின் காயம் அடுத்த பக்கத்தில் ஆறிவிடும். இவருக்கு ஆறக் கூடாது. எலும்பு முறிந்தால் கட்டோடு பல வாரம். மூன்றாம் அத்தியாயத்தில் விலா எலும்பில் அடி என்றால் ஐந்தாம் அத்தியாயத்தில் சிரிக்கும்போது வலிக்க வேண்டும். ஒரு தாளில் தேதி போட்டு எழுதி வைத்தால் தப்பாது.

2012-இல் தொடங்கிய ஹாக்ஐ காமிக்ஸில் மேட் ஃப்ராக்ஷனும் டேவிட் அஜாவும் இதை அழகாகச் செய்தார்கள். முகத்தில் எப்போதும் ஒரு பிளாஸ்திரி. கேட்கும் திறன் போனபின் வந்த ஓர் இதழில் பேச்சுக் குமிழிகள் வெறுமையாக, பாதி உரையாடல் சைகை மொழியில். அவருக்குக் கேட்காதது நமக்கும் கேட்காது.

இன்னொன்று, சண்டையில் அவர் எங்கே நிற்கிறார் என்று ஒவ்வொரு முறையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். கார்கள் பறக்கும் தெருவில் நடுவே நின்று வசனம் பேசுகிறவரை வாசகர் சாதாரண ஆள் என்று நம்ப மாட்டார்.

படி 6: வளர்ச்சிக்கு ஒரு பூட்டுப் போடுங்கள்

தொடர்கதையின் பெரிய நோய், ஒவ்வொரு வில்லனும் முந்தையவனைவிடப் பெரியவனாக வருவது. ‘டிராகன் பால்’ என்ற ஜப்பானியத் தொடரின் தொடக்கத்தில் யாம்சா, நாயகன் கோகுவுக்குச் சவால் விட்ட ஆள். கிரகங்களை உடைக்கும் எதிரிகள் வந்தபின் அவன் நிற்கவே இடமில்லை. ஓரளவு சக்தி இருந்தவனுக்கே அந்தக் கதி. அதே தொடரில் சக்தி சுத்தமாக இல்லாத மிஸ்டர் சாத்தான் கடைசிவரை தேவைப்பட்டார் என்பதைக் கவனியுங்கள். ‘பூ’ என்ற பெயருள்ள பயங்கர வில்லனோடு நட்பானது அவர். இறுதிப் போரில் கோகுவுக்கு ஆற்றல் கொடுக்கும்படி பூமியின் மக்களைச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான். மற்றவர்கள் கூப்பிட்டபோது யாரும் காது கொடுக்கவில்லை. அவர் பலத்தின் ஓட்டத்திலேயே இல்லாததால் யாராலும் அவரைப் பின்தள்ள முடியவில்லை.

எனவே பெரிய வில்லன் வரும்போது பெரிய கருவியைக் கொடுக்காதீர்கள். கருவி கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அதை எதிரியும் எடுத்துக்கொள்ள முடியும் என்பதை நினைவில் வையுங்கள். 2005 முதல் 2008 வரை வந்த ‘அவதார்’ அனிமேஷன் தொடரில் சொக்கா இதற்கு நல்ல பாடம். நீரையும் நிலத்தையும் வளைக்கும் நண்பர்களுக்கு நடுவே அவனிடம் ஒரு பூமராங். வடக்குக் காற்றுக் கோயிலில் ஒரு பொறியாளரோடு சேர்ந்து அவன் பறக்க வைத்த போர் பலூன் அன்றைக்கு ஜெயிக்க உதவுகிறது, ஆனால் கடைசியில் நெருப்பு தேசத்தின் கையில் சிக்குகிறது. தொடரின் இறுதியில் வானத்தை நிறைத்து வரும் ஆகாயக் கப்பல்களுக்கு விதை அதுதான். கிரகண நாளில் படையெடுக்க அவன் போட்ட திட்டமும் எதிரிக்கு முன்பே தெரிந்து தோற்கிறது. அவன் சொன்னதை நம்பி வந்தவர்கள் சிறைப்படுகிறார்கள். தன் முடிவுக்கு விலை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சொக்கா பெரிய பாத்திரம் ஆகிறான்.

படி 7: அணிக்குள் உரசல்

பாதுகாப்பும் அவமானமும் ஒரே வாக்கியத்தில் வரும். “நீங்க இங்கேயே இருங்கக்கா, நாங்க பாத்துக்கறோம்” என்பதைச் சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். கேட்பவருக்குச் சுருக்கென்று குத்தும். விளக்கம் எழுதாமல் அந்த வரியை அப்படியே விட்டுவிடுங்கள்.

பொறாமையைக் கொஞ்சமாகப் பயன்படுத்துங்கள். அதைவிடக் கூர்மையானது, தனக்கு இங்கே இனி இடமில்லையோ என்ற பயம். கடற்கொள்ளையர் கதையான ‘ஒன் பீஸ்’ தொடரில் பழுதடைந்த கப்பலைக் கைவிட கேப்டன் லூஃபி முடிவெடுத்ததும், குழுவில் இருக்கும் உஸோப் சண்டை போட்டுப் பிரிகிறான். வாதம் கப்பலைப் பற்றியது. ஆனால் ஓட முடியாததை விட்டுவிட்டுப் போகும் குழுவில் பலம் குறைந்த தன் முறை எப்போது என்பதுதான் அவன் கேட்காமல் கேட்கும் கேள்வி. அதே உஸோப்பின் சோர்வு இன்னொரு இடத்தில் கவசமாகிறது: தொட்டவரை நம்பிக்கை இழக்க வைக்கும், பெரோனா என்ற எதிரியின் ஆவிகள் எல்லாரையும் வீழ்த்த, ஏற்கெனவே நம்பிக்கையில்லாத இவனிடம் மட்டும் பலிக்கவில்லை.

உரசல் துரோகம் வரைகூடப் போகலாம். சுண்ணாம்பால் உள்ளே வந்த ஸ்னாப்பர் கார் 1969-இல் லீகின் ரகசிய இடத்தை ஜோக்கரிடம் காட்டிக்கொடுத்தான்; ஹீரோக்களோடு ஒட்டிக்கொண்டவனாக மட்டும் ஊர் தன்னைப் பார்த்தது அவனுக்கு அலுத்துவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்தும் எழுதலாம்: 2000-இல் வந்த ஒரு கதையில், தன் அணியினர் ஒவ்வொருவரையும் முடக்க பேட்மேன் ரகசியமாக வைத்திருந்த திட்டங்கள் எதிரியிடம் சிக்குகின்றன. அணி வாக்கெடுத்து அவரை வெளியேற்றுகிறது. சக்தி இல்லாதவருக்குத் தன் நண்பர்களைப் பார்த்து உள்ளூரப் பயம் இருக்கும் என்பதை நேராகச் சொன்ன கதை அது.

படி 8: யார் கண்ணால் பார்க்கிறோம்?

பிரம்மாண்டத்துக்கு அளவுகோல் வேண்டும். பறப்பவளின் கண்ணில் ஒரு கோபுரம் சின்னது. பரணியின் கண்ணில் அது சாயும்போது கழுத்து வலிக்கும். முக்கியமான பெரிய காட்சிகளை அவளிடம் கொடுங்கள்.

துணிச்சல் இருந்தால் பெரிய போரையே ஓரமாகத் தள்ளலாம். 1999-இல் வந்த ‘பஃபி’ எபிசோட் ஒன்றில் உலகம் அழியும் சண்டை கதவுக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. நாம் பார்ப்பது, பள்ளியின் அடித்தளத்தில் ஒரு வெடிகுண்டோடு மாட்டிய ஸாண்டரை. அவன் செய்ததை மற்றவர்களிடம் சொல்லவும் இல்லை.

படி 9: உச்சக்கட்டம்

கடைசியில் அவருக்கு ஒரு சக்தி வந்துவிட்டது என்று எழுதாதீர்கள். அதுவரை நீங்கள் சொன்ன அத்தனையும், பாவம், சக்தி வரும்வரை காத்திருந்தார் என்றாகிவிடும். கதையே சக்தி பெறுவதைப் பற்றியது என்றால் வேறு விஷயம், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அவர் தனியாக வில்லனை அடித்து வீழ்த்துவதும் வேண்டாம். மற்றவர்களை மந்தமாக்கினால்தான் அது சாத்தியம். படி 3-இல் எழுதிய பட்டியலுக்குத் திரும்புங்கள். அங்கே குறித்த குருடுகளில் எதை இன்னும் தொடவில்லையோ, அதில்தான் உங்கள் உச்சக்கட்டம் இருக்கிறது. நம் அணியில் அது நேரத்தை நிறுத்துபவன்: பரணியைக் காப்பாற்ற அவன் நேரத்தை நிறுத்த வரும்போது, வேண்டாம், பொறு என்று அவள் சொல்ல வேண்டிய ஒரு நிலைமையைக் கட்டுங்கள்.

படி 10: சோதித்துப் பாருங்கள்

கதையிலிருந்து அவரை நீக்கிவிட்டு நிகழ்ச்சிகளை வரிசையாக எழுதுங்கள். முடிவு மாறவில்லை என்றால் அவர் அலங்காரம். அவருக்குப் பதிலாக ஒரு கணினியை வைத்துப் பாருங்கள். அதே தகவலை அது சொல்லியே கதை நகர்கிறதென்றால், நீங்கள் திறமையை எழுதியிருக்கிறீர்கள், முடிவை இன்னும் எழுதவில்லை.

அப்புறம் அவர் பேசும் வரிகளை மட்டும் தனியாக எடுத்து ஒரு முறை படியுங்கள். “என்ன ஆச்சு?”, “இப்ப என்ன செய்யறது?”, நடுநடுவே ஒரு ஜோக் என்று மட்டுமே இருந்தால், பட்டியலில் ஏதோ ஒரு வரியை அவசரமாக எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்த வரி எது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.